மோட்டார் சைக்கிளுக்குச் செருப்பு தேடியவர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்ததும் போதும் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு பேனா பிடித்தது கையெழுத்துப் போடவும், பொங்கலுக்கு மளிகைச் சாமான் எழுதவும்தான். எங்கே புள்ளி வைக்கவேண்டும், எங்கே வைக்கக்கூடாது என்பதெல்லாம் தெரியாது. நினைவும் முன்போல் இல்லை. முதலில் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முதலிலும் சொல்லிவிடுவேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும். இந்த ஒருவரைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். பாசமும் உண்டுதான். ஆனால் முக்கால்வாசி எரிச்சல்.

அவர் எனக்கு மூத்தார் முறை. அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன். மன்னார்குடிக்குப் பக்கத்தில், பாமணி ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு அவரும் அக்காவும் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். அக்கா என்றால் அவர் மனைவி. கொல்லையும் கிணறும் வாசலும் பொது.

எங்கள் வழக்கத்தில் மூத்தார் எதிரே தம்பி மனைவி உட்காரமாட்டாள். நிமிர்ந்து பார்க்கமாட்டாள். நேராக ஒரு வார்த்தை பேசமாட்டாள். இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சிரிப்பாக இருக்கும். யாரும் என்னை அடித்து அப்படி வைக்கவில்லை. எனக்குப் பிறவியிலேயே கூச்சம், அதனால் அந்த வழக்கம் எனக்குச் சௌகரியமாகவே இருந்தது. அவர் வாசலில் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டால் என் தலை தானாகக் குனிந்துகொள்ளும்.

அதனால் நான் அவரைப் பார்த்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான். அவருக்கு அகலமான பாதம். விரல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் விசிறி மாதிரி பிரிந்து நிற்கும். வலது கெண்டைக்கால் உள்பக்கம் சைலன்சர் சுட்ட தழும்பு, புளியங்கொட்டை அளவில். இடது கால் கட்டைவிரலுக்கு மேலே கறுப்பாக ஒரு காய்ப்பு. கியர் போடுகிற இரும்பை அடியிலிருந்து தூக்கித் தூக்கி வந்தது அது. கூட்டத்தில் நூறு கால் இருந்தாலும் அந்த இடது காலை நான் கண்டுபிடித்துவிடுவேன்.

எனக்கு அவரிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்றால் அக்காவிடம் சொல்வேன். அவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். "அக்கா, தண்ணி மோட்டாரு நிக்காம ஓடுதுன்னு பெரியவங்ககிட்ட சொல்லுங்க." அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் பதில் சொல்லிவிடுவார், அதுவும் அக்காவைப் பார்த்து. "நான் நிறுத்திக்கிறேன்னு சின்னவகிட்ட சொல்லு." அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நான் என்ன ரேடியோ பெட்டியா?"

அவருக்குத் தொழில் நெல் தரகு. அறுப்புக் காலத்தில் ஊர் ஊராகப் போய், களத்தில் குவித்திருக்கும் நெல்லைக் கையால் அள்ளிப் பார்ப்பார். ஒன்றை எடுத்துப் பல்லில் கடிப்பார். கடிக்கிற சத்தத்திலேயே ஈரம் தெரிந்துவிடும் அவருக்கு. அப்புறம் விலை சொல்வார். விவசாயி ஒத்துக்கொள்ளாவிட்டால் சண்டை போடமாட்டார். "சரிங்க, நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டு வண்டியை நோக்கி நடப்பார். மெதுவாக நடப்பார். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். கூப்பிடுவார்கள். திரும்பி வருவார். அவர் பிழைப்பே அந்த மெதுவான நடையில்தான் இருந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

முதலில் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தார். பிறகு வெளியூர் வியாபாரிகளின் லாரிகள் நிறைய வரத் தொடங்கின. ஊருக்கு ஊர் எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. கோட்டூரில் பேசிய விலை, அவர் சைக்கிள் மிதித்துப் போவதற்குள் போனிலேயே வடுவூருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அந்தச் சமயத்தில்தான் அவர் மகன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். அவன் பணம் அனுப்பி வாங்கிய வண்டி அந்த மோட்டார் சைக்கிள். எங்கள் தெருவுக்கே முதல் வண்டி. அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி எல்லாம் செய்தார்கள்.

வண்டி வந்த நாளிலிருந்து செருப்புத் தொல்லை ஆரம்பமானது.

களத்தில் செருப்போடு ஏறக்கூடாது. நெல் கிடக்கிற இடம். சின்னப் பிள்ளைகூட ஓரத்தில் கழற்றிவிட்டுத்தான் ஏறும். நம்மைப் போன்றவர்கள் அறுப்புக்கு ஒரு களம், இரண்டு களம் ஏறுவோம். அவர் காலையில் கிளம்பினால் பொழுது சாய்கிறவரை களம் களமாக ஏறி இறங்குவார். ஒவ்வொரு இடத்திலும் கழற்றவேண்டும், மாட்டவேண்டும். அதற்கு ரப்பர் செருப்புதான் லாயக்கு என்று ஹவாய் செருப்பு போட்டுக்கொண்டு போனார். வண்டி வேகத்தில் அது காலில் நிற்கவில்லை. கியரைத் தூக்கும்போது நழுவும். காற்று பிடுங்கிக்கொண்டு போகும். காலையில் ஜோடியாகப் போனவர் சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வந்து இறங்குவார். வந்த வழியே திரும்பிப் போய்த் தேடுவார். சில நாள் கிடைக்கும். பல நாள் மாடு மிதித்து வாய்க்காலில் கிடக்கும்.

"இன்னைக்கு எந்த ஊருக்குத் தானம் பண்ணிட்டு வந்தீங்க?" என்பாள் அக்கா.

"நெடுவாக்கோட்டையில விட்டுட்டேன்."

"நேத்து விட்டது வலது காலுல்ல? இன்னைக்கு இடது. ரெண்டையும் எடுத்தவன் ஒருத்தனா இருந்தா ஜோடி சேர்ந்துருக்கும் அவனுக்கு."

கொல்லையில் ஒற்றைச் செருப்புகள் ஒரு சாக்கு நிறையச் சேர்ந்துவிட்டன. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். செருப்பைக் கழற்றி வண்டிக் கைப்பிடியில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு ஓட்டினார். கியர் காலுக்குத் தெரிகிறது, பிரேக் காலுக்குத் தெரிகிறது, களத்தில் கழற்றவும் வேண்டாம் என்று பெருமை வேறு.

"காலுக்கு வாங்குனதைக் கையில மாட்டிக்கிட்டுப் போற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்று அக்கா தெருவே கேட்கச் சொன்னாள். அவர் காது கொடுக்கவில்லை.

நானும் அதை முதலில் வேடிக்கையாகத்தான் பார்த்தேன். ஒரு நாள் வாசலில் நின்று யாரோ ஒரு விவசாயியிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் அக்கா பக்கத்தில் தலையைக் குனிந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். அவர் விரலிடுக்கில் ஒரு கட்டெறும்பு கடித்துக்கொண்டு பின்பக்கத்தைத் தூக்கி நிற்கிறது. கட்டெறும்பு கடித்தால் எப்படி இருக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அவர் அசையவில்லை. ஈரப்பதம், மூட்டை, லாரி என்று பேசிக்கொண்டே இருக்கிறார். எனக்குக் கீரை கையிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, பெரியவங்க கால்ல எறும்பு கடிக்குதுன்னு சொல்லுங்க."

"எங்க?" என்று குனிந்தார். பார்த்துவிட்டுத் தட்டிவிட்டார். "எனக்குத் தெரியலையேன்னு சொல்லு. என் காலு அப்படி."

அவர் அதைப் பெருமையாகச் சொன்னார். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் அவர் நிற்பார், மற்றவர்கள் துள்ளுவார்கள். 'என்னா காலுய்யா' என்று ஊரே மெச்சும். அவருக்குச் சர்க்கரை இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவார். அந்தக் கால் பலமான கால் இல்லை, சுரணை போன கால் என்பது மெச்சியவர்களுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. ஊசி போடுகிற கம்பவுண்டர் அக்காவிடம் சொன்னார். சர்க்கரைக்காரர் வெறுங்காலோடு நடக்கக்கூடாது, வண்டி ஓட்டவே கூடாது, ஷூ வாங்கிப் போடச் சொல்லுங்கள் என்று.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து போன் வந்தபோது அக்கா மகனிடம் சொல்லிவிட்டாள். அவன் அங்கிருந்து கத்தினான், ரிசீவருக்கு வெளியே எங்களுக்கெல்லாம் கேட்டது. "ஏம்ப்பா, இங்க நான் பீச் மணல்ல நடக்கவே பூட்ஸ் போடறேன். நீங்க நூறு கிலோமீட்டர் வண்டியில வெறுங்காலோட போறீங்களா? நல்லதா ஒரு ஷூ வாங்குங்க!"

"பாப்போம்ப்பா" என்றார்.

அந்தப் 'பாப்போம்' இரண்டு அறுப்புக்கு நீண்டது. மன்னார்குடிக்குப் போகும்போதெல்லாம் செருப்புக் கடைக்குப் போவார். அங்கே ஒரு பாய் கடை இருந்தது. உட்காருவார், நாலு ஜோடியை எடுக்கச் சொல்வார், போட்டுப் பார்ப்பார், குறை சொல்லிவிட்டு வந்துவிடுவார். நெல்லுக்குச் சொல்கிற மாதிரியே சொல்வார். ஒரு தடவை கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நானும் அக்காவும் போயிருந்தோம். எங்களையும் கடைக்குள் கூட்டிக்கொண்டு போனார். நான் வாசல் பக்கத்து ஸ்டூல் ஓரமாக ஒண்டிக்கொண்டு நின்றேன்.

பாய் லேஸ் வைத்த கறுப்பு ஷூவை எடுத்துப் போட்டார்.

"இது ஆபீசருக்கு பாய். லேசு செயின்ல மாட்டுனா நான் ஆத்துல கிடப்பேன். களத்துக்குக் களம் குனிஞ்சு முடிச்சு அவுக்குறதுக்கு ஒரு ஆள் வைக்கணும்."

பின்பக்கம் வார் வைத்த சாண்டல் வந்தது.

"பக்கிள் குத்துது."

"உங்களுக்குக் குத்துறது தெரியுதா மாமா? அத்தை தெரியலைன்னுல்ல சொன்னாங்க" என்றார் பாய். அவர்கள் மாமன் மச்சான் என்றுதான் பேசிக்கொள்வார்கள்.

"கண்ணுக்குத் தெரியுது பாய். பாத்தாலே குத்தும்போல இருக்கு."

பிளாஸ்டிக் ஷூ வந்தது, மழைக்குப் போடுவது. கால் வேகும் என்றார். கேன்வாஸ் வந்தது. சேற்றில் நனைந்தால் ஒரு வாரம் காயாது என்றார். பிறகு ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் ஒன்றும் இல்லாமலும் எழுந்து கடைக்கு வெளியே போனார். வண்டியில் ஏறி உட்கார்ந்து கியரைத் தூக்கிப் பார்த்தார். பாய் பதறிக்கொண்டு ஓடினார். "மாமா, அடிப்பக்கம் அழுக்கானா நான் யாருக்கு விப்பேன்?"

"கியரு தெரியலையே பாய். ஏதோ மூட்டைய வச்சுத் தூக்குற மாதிரி இருக்கு."

உள்ளே வந்து ஷூவைக் கழற்றினார். "சரிங்க, நாளைக்கு வர்றேன்" என்று மறுபடி வெளியே நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். பாய் கூப்பிடவில்லை. நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஷூக்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரம். ஒரு மனிதர் காலுக்கு ஒரு ஜோடி வாங்குவதில் இவ்வளவு பேச்சா? ஆனால் யாரிடம் சொல்வது? அக்காவிடம் சொன்னால், "உனக்கு ஒரு தடவ. எனக்குத் தினம்" என்றாள்.

கடைசியில் அவரே வாங்கிக்கொண்டு வந்தார். தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிய சமயம். மகன் லீவில் வருகிறேன் என்று சொன்னதும் பயம் வந்துவிட்டது போல. கட்டு இல்லாத, வார் இல்லாத, அப்படியே காலை நுழைக்கிற பழுப்பு ஷூ. வாசலில் போட்டுக்காட்டினார். நான் குனிந்து பார்த்தேன். குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் போகிற அளவு இடம் இருந்தது.

"அக்கா, பெருசா இருக்கே?"

"பாயும் அதத்தான் சொன்னாரு" என்றார், அக்காவைப் பார்த்து. "மாமா இதுல ரெண்டு பேரு குடியிருக்கலாம்னாரு. நான்தான் ஒரு சைசு கூட எடுத்தேன். களத்துல குனியவே வேணாம். காலை உதறுனா கழண்டுடும். உள்ள விட்டா ஏறிக்கும். எப்படி யோசனை?"

யோசனை நன்றாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அக்கா ஷூவுக்கே திருஷ்டி கழித்தாள். சாக்ஸ் மட்டும் போடமாட்டேன் என்றார், கால் மூச்சு விடாது என்று. ஷூ போட்டாரே என்று நாங்களும் சாக்ஸை விட்டுவிட்டோம்.

சம்பா அறுப்பு எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்றால், ஊர் முழுக்கக் களம்தான். கதிரடிக்கிற மிஷின் நெல்லைத் தூற்றிக்கொண்டே இருக்கும், பதரும் தூசியும் நெல்லும் நாலு பக்கமும் பறக்கும். அந்தக் களத்து ஓரத்தில் அவர் ஷூவை உதறிக் கழற்றிவிட்டு ஏறுவார். வாயை விரித்துக்கொண்டு அது ஓரத்தில் கிடக்கும். திரும்பி வந்து காலை நுழைத்துக்கொண்டு வண்டியை உதைப்பார். ரப்பர் செருப்பாக இருந்தால் அதில் விழுந்தது நழுவிப்போயிருக்கும். சுரணையுள்ள காலாக இருந்தால் முதல் உதையிலேயே கழற்றித் தட்டியிருப்பார். இரண்டும் இல்லை.

ஒரு சாயங்காலம் வந்தார். ஷூவை வாசலில் உதறிவிட்டு, தொட்டியில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். சிவப்பு சிமெண்டுத் தரையில் ஈரக்கால் தடம் பதிந்தது. நான் அக்காவுக்கு மோர் கொண்டுவந்திருந்தேன். தலை குனிந்திருந்தால் தரைதானே தெரியும். தடங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. ஒவ்வொரு இடது கால் தடத்திலும் கட்டைவிரல் இடத்தில் ஒரு பொட்டு மட்டும் காயவில்லை. சிவப்புத் தரையில் அது என்ன நிறம் என்று தெரியவில்லை. முந்தானையால் தொட்டுப் பார்த்தேன். தண்ணீர் இல்லை.

"அக்கா, பெரியவங்க காலைப் பாருங்க. ரத்தம்."

"சகதியா இருக்கும்னு சொல்லு" என்றார் உள்ளேயிருந்து.

"சகதி இல்லைக்கா."

அக்கா விளக்கைப் போட்டு, அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். கட்டைவிரலுக்கு அடியில், சதைக்குள், ஒரு நெல் நட்டுக்குத்தாகப் புதைந்திருந்தது. எத்தனை நாளாக அங்கே இருந்ததோ. சுற்றிலும் வெள்ளையாக ஊறிப்போயிருந்தது. அக்கா கத்தினாள். அவர் நகத்தால் அதை நெம்பி எடுத்தார். முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தது கையைத்தான். அந்த நெல்லை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார்.

"பொன்னி" என்றார். "நல்லா காஞ்சிருக்கு."

எனக்கு அந்த இடத்திலேயே வாய்விட்டுக் கத்தவேண்டும் போல இருந்தது. மோர் சொம்பை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரரும் அக்காவும் நானும் கூடப் போனோம். சின்ன வயசு டாக்டரம்மா. காலைத் திருப்பிப் பார்த்தார்கள், ஒரு கம்பியால் குத்திக் குத்தி, "தெரியுதாங்கய்யா? இங்க தெரியுதா?" என்று கேட்டார்கள். படமெடுத்துப் பார்த்தார்கள்.

"எலும்பு வரைக்கும் போயிருக்குங்கய்யா. கட்டைவிரலை எடுத்துடணும். இப்ப எடுத்துட்டா அதோட நின்னுடும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நெல் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"கட்டைவிரலுதாங்கம்மா கியரு தூக்குறது. பக்கத்து விரலா எடுத்துக்கங்களேன்?"

"ஐயா, புண்ணு கட்டைவிரல்ல இருக்கு."

"அப்ப நுனிய மட்டும் எடுங்க. பாதிக்குப் பாதி."

"ஐயா!"

"இல்லம்மா, பேசுறதுதானே. அறுப்பு நடந்துக்கிட்டு இருக்கு. மாசிக் கடைசியில நானே வந்து படுத்துக்கிறேன்."

"மாசிக் கடைசியில வந்தா இது விரல் பேச்சா இருக்காது."

"சரிங்கம்மா. நாளைக்குப் பாப்போம்" என்று எழுந்துவிட்டார். நடந்தார். அந்த மெதுவான நடை. நான் பின்னால் வந்துகொண்டே அந்தக் கால்களைப் பார்த்தேன். கதவருகே ஒரு நொடி நின்றன. கூப்பிடுவார்கள் என்று நின்றன. டாக்டரம்மா அடுத்த ஆளை உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள்.

நாளைக்கு என்றவர் நாளைக்கும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. காலுக்குக் கட்டுப் போட்டு, அதன்மேல் பாலிதீன் பை மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு வண்டியில் போனார். அக்கா அழுது பார்த்தாள், சமைக்காமல் இருந்து பார்த்தாள். என் வீட்டுக்காரர் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசத் தெரியாத ஆள். மகன் போனில் கத்தினான், மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார். நான் அக்கா மூலமாக எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "சொல்லிட்டியா, சரி" என்று அக்காவிடமே பதில் வரும். சுவரில் பேசுவது மாதிரி இருந்தது. சுவராவது காய்ச்சல் கண்டு விழாது.

ஒரு காலை வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் வண்டியில் உட்கார்ந்திருந்தார். யாரோ லாரியோடு காத்திருக்கிறார்களாம். அந்தப் பை மாட்டிய காலை நான் பார்த்தேன். பைக்குமேலே கணுக்கால் கறுத்து, மினுமினுவென்று வீங்கியிருந்தது. நாற்றம் எனக்கு வந்தது. அவருக்கு வரவில்லையா, வந்தும் மறைத்தாரா தெரியாது. வலது காலால் வண்டியை உதைத்தார். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார்.

துடைப்பத்தைப் போட்டுவிட்டு வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"அத்தான், இறங்குங்க."

என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது. அக்கா நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். எதிர்வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் குடத்தை நிமிர்த்தினாள். அவர் வண்டியை உதைப்பதை நிறுத்தினார். அக்காவிடம் கேட்டார்.

"யாருடி பேசுனது?"

"சின்னவதான்."

"என்ன சொல்றா?"

"இறங்கச் சொல்றா."

அவர் இறங்கினார். இறங்கும்போது இடது கால் தரையில் ஊன்றாமல் மடங்கியது. என் வீட்டுக்காரர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார். கார் பிடித்துத் தஞ்சாவூருக்குப் போனோம். அதே டாக்டரம்மா. இந்தத் தடவை அவர் விலை பேசவில்லை. விரலோடு முடிந்திருக்கவேண்டியது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை போய்விட்டது. எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போட்டார்.

நான் பேசிய பேச்சு அதோடு சரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் பழையபடி அக்கா வழியாகத்தான். ஊரில் சில பேர், மூத்தாரை வண்டியை மறித்து இறக்கியவள் என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மகன் லீவில் வந்து செயற்கைக் கால் ஏற்பாடு செய்தான். ரப்பர் பாதம் வைத்தது, முழங்காலில் வார் போட்டுக் கட்டுவது. அதற்கு ஷூ வாங்க அவர் கடைக்குப் போகவில்லை. மகனே ஒரு ஜோடி வாங்கி வந்து இரண்டு காலிலும் போட்டுவிட்டான். வண்டியை விற்கிறேன் என்றவனை விடவில்லை. என் வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்துகொண்டு தரகுக்குக் கிளம்பிவிட்டார். வண்டி தெருமுனை தாண்டுகிறவரை சத்தம் கேட்கும். "ரெண்டாவது போடுறா... டேய், தூக்குடா... அது கியரா, உலக்கையா?"

அடுத்த வருஷம் எங்கள் சொந்த அறுப்பு. களத்துக்கு நானும் அக்காவும் டீ கொண்டுபோயிருந்தோம். வேலையாட்கள் சுற்றிலும் நின்றார்கள். நெல் குவியலாகக் கிடந்தது. வண்டி வந்து நின்றது. அவர் இறங்கி, கோலை ஊன்றிக்கொண்டு களத்து ஓரம்வரை வந்தார். எல்லோருடைய செருப்பும் கிடக்கிற இடம். அங்கே நின்றார்.

வலது கால் ஷூவை உதறிக் கழற்றினார். இடது காலைப் பார்த்தார்.

"வாங்க வாங்க, அதோடயே வாங்க" என்றார் மிஷின்காரர்.

"ஷூவோடயா?"

"அந்த ஷூவை மட்டும் கழட்டிட்டு வாங்க. உள்ள இருக்கறது காலுதானே."

"காலா?" என்றார். "காலுன்னா கூடப் பொறந்துருக்கணும்டா. கடையில காசு குடுத்து வாங்குனது எப்படிக் காலாகும்? அதுவும் செருப்புதான்."

"அய்யோ, ஆரம்பிச்சுட்டாரு" என்று அக்கா டீத் தூக்கைக் கீழே வைத்தாள்.

"இங்கயே உக்காருங்கண்ணே, நெல்லை அள்ளிக்கிட்டு வர்றேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எவனாவது மேலாக்க அள்ளிக் காட்டுற நெல்லுக்கு விலை சொல்வானா?"

அவர் வரப்பில் உட்கார்ந்து வேட்டியை ஒதுக்கி, வாரை அவிழ்த்தார். அந்தக் காலை ஷூவோடு கழற்றி, செருப்பு வரிசையில் நிமிர்த்தி வைத்தார். என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலால் தத்தித் தத்திக் களத்தில் ஏறினார். வேலையாட்கள் வழிவிட்டார்கள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எல்லோருக்கும் அது பெரிய மரியாதையாகத் தெரிந்தது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருக்கிறது ஒரு கால். அதற்கும் சுரணை கிடையாது. அதை வெறுங்காலாக நெல்லுக்குள் கொண்டுபோய் நிறுத்துகிறாரே!

அந்தக் கால் குவியலில் கணுக்கால் வரை புதைந்து நின்றது. நெல்லும் சுணையுமாக எது குத்துகிறது, எது ஏறுகிறது என்று அவருக்குத் தெரியாது. அவர் ஒரு நெல்லை எடுத்துக் கடித்தார்.

"இன்னும் ஒரு வெயில் காயணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவை விளக்கைப் போடச் சொல்லி, அந்தப் பாதத்தை விரல் விரலாகப் பார்க்கவைத்தேன். ஒன்றும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. அவர் சிரித்தார். "பாத்தியா? ஷூ போட்ட காலுதான் போச்சு. வெறுங்காலு நல்லா இருக்குன்னு சின்னவகிட்ட சொல்லு."

இரண்டு காலிலும்தானே ஷூ போட்டிருந்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. அக்காவிடம் சொன்னேன். அக்கா, "இதுக்கு மேல என்னால முடியாதுடி" என்று படுத்துவிட்டாள். அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார், ஒவ்வோர் அறுப்புக்கும் இதையேதான் செய்தார். கடைசியில் நெஞ்சுவலியில்தான் போனார். அந்த வலது காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. குளிப்பாட்டிக் கிடத்தியபோது பார்த்தேன், பச்சைப் பிள்ளை கால் மாதிரி இருந்தது. நான் சொன்னது தப்பு, அவர் சொன்னது சரி என்று இன்றைக்கும் ஊரில் நாலு பேர் சொல்வார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஷூ பழுப்பா கறுப்பா, மகன் வந்தது அந்த மாசியா அதற்கடுத்த சித்திரையா என்பதெல்லாம் சந்தேகமாக இருக்கிறது. மஸ்கட்டில் இருக்கும் அவர் மகனோ, அக்காவிடம் கேட்டு வேறு யாரோ சரிபார்த்துத் திருத்திக்கொள்ளட்டும். எந்தக் கால் என்பதை மட்டும் திருத்தவேண்டாம். அது இடது கால்தான். அதைச் சொல்ல என்னைவிட வேறு ஆள் கிடையாது.